முட்டுத் துரை கூப்பிட்ட பெயர்கள்

தோட்ட ஆஸ்பத்திரிக்காரர்கள் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. மலேரியாக் காய்ச்சலை அந்தக் காலத்தில் எப்படி ஒழித்தீர்கள், எழுதிக் கொடுங்கள் என்று இரண்டு தம்பிகள் வீட்டுக்கு வந்து கேட்டார்கள். நான் ஒழிக்கவில்லை, கால்வாய் வெட்டியவர்களும் எண்ணெய் தெளித்தவர்களும் ஒழித்தார்கள், நான் கொய்னா ஊற்றிக் கொடுத்தவன் என்றேன். அவர்களுக்குச் சப்பென்று போய்விட்டது. கிளம்பும்போது ஒரு தம்பி வேறொரு குறை சொன்னார். சனிக்கிழமைதோறும் தோட்டத்துப் பந்தாட்டத்துக்கு மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்த் திடல் ஓரத்தில் உட்காரச் சொல்கிறார்களாம். படித்த படிப்புக்கு இது ஒரு வேலையா என்றார்.

என் உத்தியோகத்தில் நான் தோற்றுப்போன கேஸ்கள் நிறைய. அவற்றில் படுமோசமானது திடல் ஓரத்தில்தான் ஆரம்பித்தது. அதனால் பந்தாட்டத்தில் கோல் அடிக்க முன்னால் நிற்கும் ஒரு சென்டர் பார்வர்டைப் பற்றி எழுதுகிறேன். கொய்னாவும் வரும், கவலை வேண்டாம்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் இரண்டரை வருடம் மலச்சட்டி தூக்கினேன், கட்டுப் போட்டேன், கண்ணாடிச் சில்லில் ரத்தம் தடவிக் கிருமி பார்த்தேன். இருபத்திரண்டாவது வயதில் மலாயாவில் ஜோகூர் மாநிலத்துச் சிகாமட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு டிரசராக, அதாவது கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிற ஆளாக, வந்து சேர்ந்தேன். முதல் உலகப் போர் முடிந்து சில வருடம் ஆகியிருந்தது. பன்னிரண்டு கட்டில், ஒரு மருந்தறை, ஒரு தோட்டி, இவ்வளவுதான் ஆஸ்பத்திரி. வாரத்துக்கு ஒரு நாள் டவுனிலிருந்து வெள்ளைக்கார டாக்டர் வருவார். துரைமாருக்கு உடம்பு சரியில்லை என்றால் அவர்தான் பார்க்க வேண்டும். டிரசர் அவர்களுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது, ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் அவர்கள் பெயரை ஏற்றவும் கூடாது.

நான் போன மறுவருடம் சின்ன துரையாக, அதாவது உதவி மேனேஜராக, அந்த சென்டர் பார்வர்ட் வந்தார். உண்மைப் பெயரை எழுதவில்லை. சொந்தக்காரர்கள் எங்காவது இருக்கலாம். ஸ்காட்லாந்துக்காரர். உயரம் அதிகமில்லை, கழுத்து மட்டும் காளைக் கழுத்து. பந்து உயரத்தில் வந்தால் மற்றவர்கள் அது இறங்கட்டும் என்று காத்திருப்பார்கள். இவர் தலையோடு மேலே போய்விடுவார். முதல் ஆட்டத்தைப் பார்த்த ரப்பர்ப் பால்வெட்டுக்காரர் ஒருவர், கிடா முட்டுவது மாதிரி முட்டுகிறாரே என்றார். அன்று முதல் அவர் முட்டுத் தொரை. துரைமார் எழுத வேண்டிய தமிழ்ப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் அந்தப் பெயருக்கு அர்த்தம் கேட்டார். சொன்னேன். ஜெயிக்கிற கிடாவா, தோற்கிற கிடாவா என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அந்தக் காலத்துப் பந்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. தடித்த மாட்டுத்தோல். உள்ளே ரப்பர் பை. காற்றடித்த வாயைத் தோல்வாரால் கோத்துக் கட்டியிருப்பார்கள். மழை பெய்தால் தோல் தண்ணீரைக் குடித்துவிட்டு, மட்டை உரிக்காத தேங்காய்போலக் கனக்கும். தோல்வார் இருக்கும் பக்கம் நெற்றியில் பட்டால் கத்தி கீறியதுபோலக் கிழியும். வந்த இரண்டாவது மாதமே அவருக்கு அப்படிக் கிழிந்தது. டவுனுக்குப் போகலாம் சார் என்றேன். அவர் என் மருந்தறைப் பலகையில் உட்கார்ந்து, "தையி" என்றார்.

சட்டம் தெரிந்துதான் தைத்தேன். ஊசியைக் கொதிக்க வைத்து, கிழிசலைக் கழுவி, அயோடின் தடவி, பட்டு நூலால் நான்கு தையல். மரப்பு மருந்து வேண்டாம் என்றுவிட்டார். புத்தகத்தில் எழுதவில்லை, எழுத இடமும் இல்லை. அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று தடவையாவது அந்தப் பலகையில் உட்காருவார். வலி தெரியாமல் இருக்கப் பேசுவார். அவருடைய ஆட்டக் கதையை நான் அறிந்தது அப்படித்தான், நெற்றியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு.

புருவத்துக்கு மேலே இருந்த பழைய தழும்பு பதினேழு வயதில் விழுந்தது. நிலக்கரிச் சுரங்க ஊர், கரிச்சாம்பல் கொட்டிய திடல். அங்கே ஒரு பெரிய குழுவின் ஆள் இவரைப் பார்த்துவிட்டு அழைத்துப் போனாராம். பத்தொன்பது வயதில் முதல் தரக் குழுவுக்கு சென்டர் பார்வர்ட். ஒரு கோல்காரர் பந்தைக் குத்துவதற்குப் பதில் இவர் மண்டையைக் குத்தினார், ஆனாலும் பந்து உள்ளே போய்விட்டது; அது இடப்பக்கத் தழும்பு. நாட்டுக்காக ஆட ஒரே ஒரு தடவை அழைப்பு வந்தது. மாற்று ஆளாகப் போய், கோட்டுப் போட்டபடியே உட்கார்ந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். அதைச் சொன்ன அன்றைக்கு மட்டும் தலையை அசைத்துவிட்டார், எனக்கு ஒரு தையல் கோணிவிட்டது. அப்புறம் போர். மயிருக்குள் இருந்த நீளத் தழும்பு குண்டுச் சில்லு கீறியது. அந்த ஒரு தழும்புக்கு மட்டும் கோல் கிடைக்கவில்லை என்பார். போர் முடிந்து திரும்பியபோது முழங்கால் பழைய முழங்கால் இல்லை. சின்னக் குழு, அதைவிடச் சின்னக் குழு என்று இறங்கி, கடைசியில் யாரும் கூப்பிடவில்லை. குழுவின் முதலாளிகளில் ஒருவருக்கு ஜோகூரில் ரப்பர் பங்கு இருந்தது. ஆட்களை மேய்க்கத் தெரியுமா என்று கேட்டாராம். தெரியாது, கூட ஆடத் தெரியும் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினார்.

தோட்டக் குழுவில் அவர்தான் சென்டர் பார்வர்ட். மற்றப் பத்துப் பேரில் பால்வெட்டுக்காரர்கள் ஐந்து பேர், ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஒருவர், மலாய்க்கார டிரைவர் ஒருவர், மிச்சம் பக்கத்துத் தோட்டங்களில் வாங்கிய கடன். தூரத்துக் கூலாய் டவுன் வரைக்கும் லாரியில் போய் ஆடுவோம். நான் திடல் ஓரத்தில் பெட்டியோடு உட்காருவேன். ஆட்டத்துக்கு முன்பு அவர் நெற்றியில் வாசலின் தடவுவதும் என் வேலைதான். வழுக்கினால் கிழியாது என்பது அவர் சித்தாந்தம்.

அவருடைய உத்தியோக முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடியற்காலையில் ஆட்களை ஆபீசுக்கு முன்னால் வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். மற்றத் துரைமார் கிராணியை விட்டுக் கூப்பிடச் சொல்வார்கள், அல்லது நம்பர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இவர் கையில் காகிதமே இருக்காது. முந்நூறு பெயரையும் மனப்பாடமாக, முகத்தைப் பார்த்துக் கூப்பிடுவார். உச்சரிப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அப்பன் பெயர், சொந்த ஊர்ப் பெயர்கூடச் சொல்வார். ஏன் இந்தத் தொல்லை என்று ஒருநாள் கேட்டேன். அவருடைய அப்பா சுரங்கத்தில் முப்பது வருடம் ஒரு பித்தளை வில்லையின் நம்பராக இருந்தாராம். ஒரு விபத்தில் செத்தபோது வீட்டுக்கு வந்து சொன்னவனும் நம்பரைத்தான் சொன்னானாம். அவர் கை நீட்டி ஆளை அடித்தும் நான் பார்த்ததில்லை. ஜனங்களுக்கு அவர்மேல் இருந்தது பயமில்லை, பிரியம். இது முக்கியம், பின்னால் நடந்தது இதனால்தான்.

பெயர் கூப்பிட்டதும் ஆள் பதில் சொல்லி, என் மேசையைத் தாண்டிப் போக வேண்டும். அங்கே கொய்னாத் தண்ணீர். குடித்து, வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் மலைக்கு, அதாவது ரப்பர் காட்டுக்கு, வேலைக்குப் போகலாம். என் பட்டியலில் இரண்டு பெயர்களுக்கு மட்டும் சிவப்புச் சுழி போட்டிருந்தேன். அவர்கள் கறுப்பு மூத்திரக் காய்ச்சல் வந்து பிழைத்தவர்கள். அந்தக் காய்ச்சல் கண்ட உடம்பில் மறுபடி கொய்னா விழுந்தால் ரத்தம் கரைந்து மூத்திரத்தோடு போகும், பிழைப்பது கடினம். அதில் ஒருவர் காளியப்பன். மேசைக்கு வருவார், நான் தலையை ஆட்டுவேன், குடிக்காமல் போய்விடுவார்.

இப்படிப் பத்து வருடத்துக்கு மேல் ஓடியது. துரைக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஓட்டம் போய்விட்டது, முழங்கால் இரண்டும் போய்விட்டன. தலை மட்டும் மிச்சம். அதனால் பந்தை உயரத்திலேயே அனுப்பச் சொன்னார். எல்லாப் பந்தும் தலைக்குத்தான்.

ஒரு மழைக்காலத்தில், மாவட்டக் கோப்பைக்காகப் பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம். திடலில் கணுக்காலுக்குத் தண்ணீர். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். முடியப் போகிற நேரத்தில் டிரைவர் மூலையிலிருந்து பந்தைத் தூக்கி அடித்தார். துரை எழும்பினார். ஈரச் சாக்கைச் சுவரில் அடித்ததுபோலச் சத்தம் கேட்டது. பந்து வலைக்குள். துரை தண்ணீருக்குள். நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஆட்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். அவர் என் காதில், இது எந்த ஊர் என்று கேட்டார்.

மருந்தறையில் தீக்குச்சி கொளுத்திக் கண்ணுக்கு முன்னால் பிடித்தேன். ஒரு கண்மணி உடனே சுருங்கியது. மற்றது யோசித்துச் சுருங்கியது. இரண்டு தடவை வாந்தி எடுத்தார். டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்றேன். சொன்னால் பந்தாட்டம் போய்விடும் என்றார். முழங்காலுக்கே வீட்டுக்கு அனுப்பப் பார்க்கிறார்கள், தலையும் போனால் கப்பல்தான், அங்கே எனக்கு அக்காவைத் தவிர யாருமில்லை என்றார். எழுதாதே என்றார். நானும் எழுதவில்லை. பத்து வருடத் தையலை எழுதாதவனுக்கு இது ஒன்று கூடுதலாகத் தெரியவில்லை.

பத்து நாள் கழித்துப் பெரட்டில் "வீராசாமி" என்று கூப்பிட்டார். வீராசாமி முந்தின வருடம் காய்ச்சலில் செத்துப்போனவர். துரை மறுபடி கூப்பிட்டார். வீராசாமியின் தம்பி சின்னையா ஒரு அடி முன்னால் வந்து, "இருக்கேங்க தொரை" என்றார். துரை தலையாட்டிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். கிராணி என்னிடம், யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிச் சிரித்தார்.

சறுக்கல் நிற்கவில்லை. வாரத்துக்கு ஒன்று, பிறகு நாளுக்கு நாலு. பெருமாளைப் பார்த்துக் காளியப்பன் என்பார், காளியப்பனைப் பார்த்துப் பெருமாள் என்பார். ஜனங்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டதுபோல, துரை எந்தப் பெயர் சொல்லி யாரைப் பார்க்கிறாரோ அவர் அந்தப் பெயருக்குப் பதில் சொல்லிவிட்டுப் போவார். கிராணி பிறகு ஆளைப் பார்த்துச் சரிசெய்து எழுதிக்கொள்வார். ஊரோடு ஒத்து வாழ் என்று நானும் இருந்துவிட்டேன். எல்லாருக்கும் கொய்னாதானே, யார் பெயரில் குடித்தால் என்ன. சுழி போட்ட இரண்டு பேரின் முகமும் எனக்குத் தெரியும். எட்டு மாதம் இந்தக் கூத்து நடந்தது. ஒரு நல்ல மனிதரைக் காப்பாற்றுகிறோம் என்று எல்லோருக்குமே கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒருநாள் தோட்ட மேனேஜரான பெரிய துரை பெரட்டுக்கு வந்தார். காய்ச்சல்காரர்கள் கூடிவிட்டார்களாம், டிரசர் ஒழுங்காக மருந்து கொடுக்கிறானா என்று பார்க்க, என் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றார். நான் ரொம்ப ஒழுங்கானவன் என்று காட்டுவதற்காகப் பட்டியலில் வைத்த கண்ணை எடுக்கவில்லை. பெயர் வரும், டிக் போடுவேன், குவளையை நீட்டுவேன். "பெருமாள்" என்று துரை கூப்பிட்டார். "இருக்கேங்க தொரை" என்று ஒரு குரல். குவளையை நீட்டினேன். காலிக் குவளை திரும்பி வந்தது. வாயைப் பார்க்கக்கூட நான் நிமிரவில்லை.

மறுநாள் மத்தியானம் காளியப்பனைப் பலகையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். மூத்திரம் கறுப்புக் காப்பி மாதிரி இருந்தது. ஏனய்யா குடித்தீர், உமக்குத் தெரியாதா என்று கேட்டேன். எனக்குக் கோபம், பயம் இரண்டும்.

"பெரிய தொரை நின்னாருங்கய்யா," என்றார் காளியப்பன். "நான் பெருமாள் இல்லேன்னு எப்படிச் சொல்றது? நம்ம தொரைக்குல்ல அவமானம்."

மூன்று நாள் போராடினேன். தண்ணீர், சோடா உப்பு, முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம். டாக்டரும் வந்து பார்த்தார். மூன்றாம் நாள் மூத்திரம் நின்றுபோனது. நாலாம் நாள் காலையில் காளியப்பன் செத்துப்போனார். என் கை கொடுத்த மருந்து. இதை நான் வேறு எப்படியும் எழுதிக்கொள்ள முடியாது.

விசாரணை அடுத்த நாளே ஆபீசில் நடந்தது. பெரிய துரை, டாக்டர், முட்டுத் துரை, கிராணி, நான். முகத்தைப் பார்க்காமல் கொடுத்துவிட்டேன், தப்பு என்னுடையது என்றேன். பட்டியலில் பெருமாள் என்றல்லவா டிக் இருக்கிறது, பெயர் எப்படி மாறும் என்று டாக்டர் கேட்டார். பேசினால் துரை போய்விடுவார், பேசாவிட்டால் நான் போய்விடுவேன். கிராணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முட்டுத் துரை எழுந்தார். என்னைக் காப்பாற்றத்தான் எழுந்தார். என் பெரட்டில் பெயர் மாறாது, டிக் இருக்கிறபடி பெருமாள்தான் அந்த மருந்தைக் குடித்தான், டிரசர் என்னவோ பயத்தில் உளறுகிறான், ஆட்களை வரச்சொல்லுங்கள், இப்போதே கூப்பிட்டுக் காட்டுகிறேன் என்றார். அவருக்கு எதுவுமே தெரியாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டு மாதமாக ஒருவரும் அவரிடம் சொல்லவில்லையே, எப்படித் தெரியும்?

ஆட்கள் முன்வாசலில் வரிசையாக நின்றார்கள். துரை வழக்கம்போலக் காகிதம் இல்லாமல் ஆரம்பித்தார். சின்னையாவைப் பார்த்து வீராசாமி என்றார். இருக்கேங்க என்று பதில் வந்தது. தப்பும் சரியுமாகப் பத்துப் பெயர், எல்லாவற்றுக்கும் பதில். டாக்டருக்கு யாரையும் தெரியாது, தலையாட்டிக்கொண்டே வந்தார். அப்புறம் துரை பெருமாளைப் பார்த்தார்.

"காளியப்பன்," என்றார்.

பெருமாளுக்குப் பழக்க தோஷம். "இருக்கேங்க தொரை" என்று வாயில் வந்துவிட்டது.

டாக்டர் தலையாட்டுவதை நிறுத்தினார். பெண்கள் வரிசையின் கடைசியிலிருந்து முத்தம்மா முன்னால் வந்தாள். காளியப்பனின் மனைவி. வராதே என்றுதான் சொல்லியிருந்தார்கள், வந்திருந்தாள். புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள். பல வருடத்துக்கு முன்பு முதல் காய்ச்சலுக்கு அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது பெயர் கேட்டேன், பக்கத்தில் நின்றவளைச் சொல்லச் சொன்னாள்; அட்டையில் அப்படித்தான் எழுதினேன்.

"காளியப்பன் இல்லீங்க தொரை," என்றாள். குரல் உயரவில்லை. "காளியப்பன் செத்துப் போயிட்டாரு. காளியப்பன் எம் புருசன். இது பெருமாள் அண்ணன். அங்க நிக்கிறது வீராசாமி இல்ல, அவுரு தம்பி சின்னையா. உங்களுக்கு மறந்து மறந்து போவுது தொரை. நாங்க யாரும் சொல்லல."

துரை தொப்பியைக் கழற்றினார். வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, எவ்வளவு நாளாக என்று கேட்டார். எட்டு மாதம் என்றேன்.

"நான் பந்தத் தப்பா அடிச்சா தெடல் முழுக்கக் கத்தும் டிரசர்," என்றார். தமிழில்தான் சொன்னார், எல்லாருக்கும் கேட்கட்டும் என்று. "நீங்க முந்நூறு பேரு. ஒருத்தன் கத்தல."

டாக்டர் அன்றே அவரைப் பரிசோதித்தார். நான் பத்து வருடத்துத் தையல்களையும் அந்த மழை ஆட்டத்தையும் ஞாபகம் இருந்தவரை சொன்னேன். அதே மாதத்தில் அவரைச் சிங்கப்பூருக்கு ரயிலேற்றிக் கப்பலில் அனுப்பினார்கள். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது, வேலை போகவில்லை. போயிருந்தால் நியாயம்தான். அதற்குப் பிறகு குவளையை நீட்டும்போது முகத்தைப் பார்க்காமல் நான் நீட்டியதில்லை.

ஒன்றரை வருடம் கழித்து அவருடைய அக்காவிடமிருந்து ஆஸ்பத்திரி முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. தம்பிக்கு உடம்பு நன்றாக இருக்கிறது, ஆட்களைத்தான் தெரியவில்லை என்று எழுதியிருந்தாள். தினமும் விடிந்ததும் கொல்லைப்புறத்தில் நின்றுகொண்டு ஏதோ சொல்கிறாராம். இது எந்த மதத்து ஜெபம் என்று பக்கத்து வீட்டார் கேட்கிறார்களாம். காதில் விழுந்ததை இங்கிலீஷில் எழுதி அனுப்பியிருந்தாள், ஒன்றரைப் பக்கம். ஒவ்வொன்றுக்கும் பிறகு கொஞ்சம் நிறுத்துகிறார், இதில் மட்டும் வெகுநேரம் நின்றுவிடுகிறார் என்று ஒரு பெயரின் கீழ் கோடு போட்டிருந்தாள். இவை மனிதர்களின் பெயர்களா என்று கேட்டிருந்தாள்.

முத்தம்மா ரப்பர்ப் பால் கொட்டகையில் வாளி கழுவிக்கொண்டிருந்தாள். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். வாளியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எம் பேரு இருக்குதாங்கய்யா?"

"இருக்கு."

"அவரு பேரு?"

கோடு போட்டது அதுதான் என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"செத்துட்டாருன்னு எழுதிப் போட்டுடுங்கய்யா," என்றாள். "இல்லேன்னா அந்த மனுசன் பதில் வரட்டும்னு அங்கயே நின்னுக்கிட்டு இருப்பாரு."

அன்றைக்கே எழுதிப் போட்டேன்.